எழுப்பாத காமன்

தெமோதரையில் அத்தையின் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் சாமிப் படத்துக்கு முன்பு கிரீடத்தைத்தான் பார்ப்பார்கள். வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறது. அட்டையில் வெட்டி, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற வெள்ளித்தாளைச் சுற்றி, உடைந்த முகக்கண்ணாடியின் சில்லுகளைக் கோதுமை மாப் பசை போட்டு ஒட்டிய கிரீடம். நெற்றிக்கு நேரே ஒரு சில்லு விழுந்துவிட்டது. அந்த இடத்தில் பசை காய்ந்த தடம் மட்டும் இருக்கிறது. பின்னேரங்களில் ஏதாவது வாகனம் ரோட்டு வளைவில் திரும்பினால், அதன் கண்ணாடியில் பட்ட வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கிரீடத்தில் மோதி, சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக ஓடும். பள்ளிக்கூடத்தில் நான் தொண்டையைச் செருமினாலே ஒரு வகுப்பு அடங்கிவிடும். அப்படிப்பட்ட நான் அந்தப் புள்ளிகள் ஓடினால் இன்றைக்கும் பேச்சை நிறுத்திவிடுவேன். வாகனம் கடந்து போய், அதன் சத்தம் ஸ்டேஷன் பக்கம் தேய்ந்து மறைந்த பிறகுதான் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுப்பேன்.

அது காமனின் கிரீடம். மாசி மாதத்தில் தேயிலைத் தோட்டத்து ஆண்கள் வேஷம் கட்டி ஆடுகிற காமன் கூத்தில், மன்மதனாக வருகிறவர் தலையில் வைப்பது. கதை தெரிந்ததுதான். தவத்தில் இருக்கிற சிவன் மேல் அம்பு விடக் காமன் புறப்படுகிறான். கெட்ட கனவு கண்ட ரதி, போக வேண்டாமென்று காலைப் பிடித்து அழுகிறாள். அவன் கேட்காமல் போய் எரிந்து சாம்பலாகிறான். மூன்றாம் நாள் ரதியின் அழுகைக்கு இரங்கி சிவன் அவனை எழுப்பிக் கொடுக்கிறார், ஆனால் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி. ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்து டிவிசனில் இதற்கு ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. எரிந்த காமனை வெள்ளைத் துணியால் தலையோடு மூடிப் பொட்டலில் கிடத்துவார்கள். ரதியின் ஒப்பாரி முடிந்து, ஆட்கள் தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோகும் வரைக்கும் அவர் அசையக்கூடாது, வாய் திறக்கக்கூடாது, தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். அசைந்தால் தோட்டத்துக்கு ஆகாது. மூன்றாம் நாள் எழுப்பாமல் விட்டாலும் ஆகாது. பெரியவர்கள் இதைச் சொல்லும்போது யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. எனக்குப் பதினாலு வயதானபோது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒட்டியொட்டி நிற்கிற வரிசை வீடுகளான எங்கள் லயத்திலேயே கடைசிக் காம்பரா அவர்களுடையது. மாமா எங்கள் தோட்டத்தில் பிறந்தவர்தான். சின்ன வயதில் ஒரு கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வவுனியாப் பக்கம் போய், காடு வெட்டி விவசாயம் பார்த்து, அங்கேயும் சண்டை மூண்ட பிறகு தனியாளாகத் திரும்பி வந்தவர். ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி அடிக்கிற வேலை. வந்த முதல் மாசியில் அவர் காமனாக ஆடியதைப் பார்த்துத்தான் அத்தை மனதைக் கொடுத்தாள் என்று லயத்தில் எல்லோரும் சொல்வார்கள். அதை அவள் ஒருபோதும் ஒத்துக்கொண்டதில்லை. ‘ஆடுனதையா பாத்தேன்? கிரீடம் கோணலா இருந்திச்சி, அதத்தான் பாத்தேன்’ என்பாள். அடுத்த மாசிக்குக் கிரீடத்தை அவளே செய்தாள். பெட்டிக்குள் ஒட்டி மிச்சமான வெள்ளித்தாளை மாமா கொண்டுவந்து கொடுப்பார். அத்தை வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாக ஒட்டுவாள். மாமா பக்கத்தில் நின்று தலையை நீட்டி நீட்டி அளவு கொடுப்பார். தலையை அளந்து பார்க்கிறேன் என்று சொல்லி அவர் காதைத் திருகுவாள். கொழுந்து மலையில் கூடை நிறையாவிட்டாலும் அத்தையின் வாய் நிறையச் சிரிப்பு இருந்த காலம் அது.

ஆனால் அந்த வருடம் காற்றே சரியில்லை. கீழே எங்கேயோ ஏதோ நடந்துவிட்டது என்று பேச்சு வந்தால், அடுத்த நாள் மேலே எங்களுக்கு இராணுவத்தின் ஜீப் வரும். இளவட்டங்களை வரிசையில் நிறுத்துவார்கள், அடையாள அட்டையைக் கேட்பார்கள், சிலரை ஏற்றிக்கொண்டு போவார்கள். நாங்கள் எல்லோரும் வாகனச் சத்தத்தில் பண்டிதர்களாகிவிட்டோம். தோட்டத்துத் துரையின் ஜீப் கியர் மாற்றும்போது இருமும். அரிசி லொறி ஏற்றத்தில் முனகும். இந்த இரண்டும் இல்லாத ஒரு சத்தம் கேட்டால் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிற பெண்கள்கூடக் குடத்தை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து நிற்பார்கள். மாமாவின் அடையாள அட்டையில் விலாசம் வவுனியா என்று இருந்தது. வடக்கு விலாசம் என்றாலே புலி என்று சந்தேகப்படுகிற காலம். மலைநாட்டில் பிறந்து, மலைநாட்டில் வேலை செய்து, மலைநாட்டுப் பெண்ணைக் கட்டியவருக்கு அந்த ஒரு சொல் எமனாக வரும் என்று அத்தைக்குத் தெரிந்திருந்தது. அட்டையை அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். பிறகு, இல்லையென்றாலும் பிடிப்பார்களே என்று எடுத்து வெளியே வைத்தாள். மறுபடியும் ஒளித்தாள்.

அந்த மாசியில் காமன் கம்பம் நட்டு மாமாவின் கையில் காப்புக் கட்டிய பிறகு அத்தை கெஞ்ச ஆரம்பித்தாள். ‘இந்த வருஷம் வேணாங்க. எனக்கு மனசே சரியில்ல. வேற யாராச்சும் ஆடட்டும்’ என்றாள். ‘காப்புக் கட்டியாச்சி புள்ள. இப்பப் போயி மாட்டேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? கூத்து நடக்கிற எடத்துக்கு அவனுங்க எதுக்கு வரப்போறானுங்க?’ என்றார் மாமா. பக்கத்துக் காம்பராக்காரர்கள் கேட்டுவிட்டுக் கேலி செய்தார்கள். நிஜ ரதியே இங்கே அழுதுகொண்டிருக்கும்போது வேஷ ரதிக்கு எதற்குச் சேலை என்றார்கள். அத்தை சிரிக்கவில்லை. எனக்கும் அவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் மாமா முகத்தில் பச்சைச் சாயம் பூசி, கிரீடத்தை வைத்து, கரும்பு வில்லோடு வெளியே வந்தபோது நானும் வாயைப் பிளந்து பார்த்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

விடிகிற நேரத்தில் காமனை எரித்தார்கள். கம்பத்துக்குத் தீ வைத்ததும் மாமா சுழன்று விழுந்தார். வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். ரதி வேஷம் கட்டிய பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர் மார்பில் அடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார், தப்புப் பறை நிதானமாக ஒலித்தது. நானும் அத்தையும் கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் சுவரோரம் நின்றோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இருமவும் இல்லை, முனகவும் இல்லை. தப்பு நின்றது. ‘வாரானுங்க’ என்று யாரோ ஒரே ஒரு தடவைதான் சொன்னார்கள். தாடி வைத்த சிவன் சூலத்தைப் போட்டுவிட்டுத் தேயிலைக்குள் பாய்ந்தார். ரதி சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு மலையில் ஏறினார். இளவட்டங்கள் ஒருவர் பாக்கியில்லாமல் மறைந்தார்கள். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவேண்டிய காட்சி அது. எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

மாமா அசையவில்லை. எரிந்த காமன் எழுந்திருக்கக் கூடாதல்லவா, அதனால் அவர் துணிக்குள் அப்படியே கிடந்தார். தப்பு நின்றது அவருக்குக் கேட்டிருக்கும், ஓடுகிற காலடிகள் கேட்டிருக்கும், ஜீப்பும் கேட்டிருக்கும். தோட்டத்துக்கு ஆகாது என்ற ஒன்றை நினைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக் கிடந்தார். பொட்டலுக்கும் தேயிலைச் செடிக்கும் நடுவில் அதிக தூரமில்லை. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் வாய் திறந்திருந்தது. எந்திரிங்க என்று ஒரு சொல் வந்திருந்தால் போதும், அவர் ஓடியிருப்பார். அந்தச் சொல் வரவில்லை. வழக்கத்தைக் கெடுத்தால் அவருக்கே ஏதாவது ஆகிவிடும் என்று அந்தக் கணத்தில் தனக்குத் தோன்றியதாகப் பல வருடங்களுக்குப் பிறகு அவள் சொன்னாள். அவள் நகம் பதிந்த இடம் எனக்கு வெகுநாள் வலித்தது.

வந்தவர்கள் துணியை இழுத்தார்கள். பச்சை முகத்தைப் பார்த்து ஒருவன் சிரித்தான், இன்னொருவன் காலால் தட்டி எழுப்பினான். கிரீடம் உருண்டு கல்லில் மோதி நின்றது. அட்டை எங்கே என்றார்கள். வேஷம் கட்டியவரின் மடியில் அட்டை எப்படி இருக்கும்? ஓடிப்போய்ப் பானைக்கு அடியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தது அத்தைதான். காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினாள். அதை வாசித்தவன் மற்றவனிடம் ஊர்ப் பெயரை மட்டும் சொன்னான். மாமாவை ஏற்றினார்கள். பச்சைச் சாயத்தோடு, கையில் காப்போடு, ஜீப்பின் பின்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் அத்தையைப் பார்த்தார். ‘பயப்படாத புள்ள. அந்திக்கு வந்துருவேன்’ என்றார்.

வரவில்லை. அத்தை பதுளைக்குப் போனாள், பண்டாரவளைக்குப் போனாள், கொழும்பு வரைக்கும் போனாள். தோட்டத்துக் கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கே அந்த நாட்களில் கடைத்தெருவுக்குப் போகப் பயம். ‘எனக்கும் பயமாத்தான் கிடக்கு பிள்ளை, எண்டாலும் வாறன்’ என்று சொல்லிவிட்டு அத்தையோடு முகாம் முகாமாகப் படியேறி இறங்கினார். எங்கே போனாலும் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றுதான் பதில் வந்தது. வீட்டில் அழுவதற்குக்கூட முடியவில்லை. அழுதால் செத்துவிட்டார் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். பொட்டைக் கலைக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, பூ வைத்துக்கொள்ளச் சொல்லவும் வரவில்லை. மூன்றாம் நாள் காமனை எழுப்பவும் ஆளில்லை. இளவட்டங்கள் உறவுக்காரர் வீடுகளுக்கு ஓடியிருந்தார்கள். அடுத்த மாசியில் கூத்தே இல்லை, அதற்கடுத்த மாசியிலும் இல்லை. எழுப்பாமல் விட்டதால்தான் அவர் வரவில்லை என்பது அத்தையின் மனதில் ஆணியாக இறங்கிவிட்டது.

அதன்பிறகு அவள் எங்கள் காம்பராவில்தான் தூங்கினாள். குளிருக்கு நாங்கள் எல்லோரும் தலையோடு மூடிக்கொண்டுதான் படுப்போம், மலைநாட்டில் பிறந்த எவரும் அப்படித்தான். அத்தையால் அதைப் பார்க்க முடியாது. பதறி எழுந்து என் முகத்திலிருந்து போர்வையை இழுத்துவிடுவாள். நான் எரிச்சலில் மறுபடி மூடுவேன், அவள் மறுபடி இழுப்பாள். ‘மூஞ்சிய மூடாத தாயி, மூடாத’ என்று கெஞ்சுவாள். பிறகு நானே முகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்கப் பழகிவிட்டேன். இன்றைக்கும் அப்படித்தான் தூங்குகிறேன், என் வீட்டுக்காரர் இதற்கு ஒரு காரணம் கேட்டதற்கு மூக்கடைப்பு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

வருடங்கள் ஓடின. நான் படித்து டீச்சராகிவிட்டேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில், சண்டையை நிறுத்தியிருக்கிறார்கள் என்றார்கள். ஜீப் வருவது நின்றது. அப்போதுதான் கொஸ்லந்தையிலிருந்து ஒருவர் எங்கள் தோட்டத்து ஸ்டோருக்கு வேலைக்கு வந்தார். தேயிலையை உலர்த்துகிற அடுப்புக்கு விறகு போடுகிற வேலை. நாங்கள் அவரைக் கொஸ்லந்தை மாமா என்றோம். அவருடைய மனைவியையும் கைக்குழந்தையையும் ஒரு மழைக்காலத்தில் மண்சரிவு கொண்டுபோயிருந்தது. மழை வலுத்தால் வீட்டுக்குள் இருக்கமாட்டார். நனைந்துகொண்டே வெளியில் நின்று மலையை அண்ணாந்து பார்ப்பார். எதிர்ப்பக்க இஸ்தோப்பில் அத்தை நின்று ரோட்டைப் பார்ப்பாள். இரண்டு பேரும் இப்படி ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றே பழக்கமானார்கள். ‘ஒனக்கு ரோட்டக் கண்டா பயம், எனக்கு மலையக் கண்டா பயம். நீ எனக்கு மலையப் பாத்துக்க, நான் ஒனக்கு ரோட்டப் பாத்துக்கிறேன்’ என்று ஒருநாள் அவர் சொன்னார். அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவர் பெண் கேட்கிறார் என்பது எங்கள் லயத்துக் கோழிகளுக்குக்கூட விளங்கிவிட்டது.

அத்தைக்கு ஆசையிருந்தது. எனக்குத் தெரியும், அவர் வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு அவள் தலையைச் சீவிக்கொள்வாள். ஆனால் தாலியைத் தொட்டுப் பார்த்ததும் முகம் வெளுத்துவிடும். ‘எழுப்பாத ஆளு அங்கயே கெடக்குறாரு. நான் இன்னொருத்தர கட்டிக்கிட்டா, நானே அவருக்கு மண்ணப் போட்ட மாதிரி ஆயிராதா?’ என்பாள். நாளை மாமா வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது என்று பயந்தாள். வரவே மாட்டார் என்று நினைக்க அதைவிடப் பயந்தாள். நான் படித்தவள் என்ற தோரணையில் ஆறுதல் சொல்லப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கையில்லாத ஆறுதலை யாருக்கு விற்பது?

அந்த மாசியில் இளைஞர்கள் மறுபடி கூத்துப் போட வேண்டுமென்றார்கள். கூத்து மாஸ்டர் வயதாகித் தளர்ந்திருந்தாலும் பேச்சில் கண்டிப்புக் குறையவில்லை. பழைய காமன் துணிக்குள் கிடக்கும்போது புதுக் கம்பம் நடமுடியாது, முதலில் அவரை எழுப்ப வேண்டும் என்றார். அந்தக் கிரீடத்தை வைத்து, அதே இடத்தில் ஒருவர் துணிக்குள் படுக்க வேண்டும். சிவன் வேஷக்காரர் தண்ணீர் தெளித்து எழுப்புவார். யார் படுப்பது? கூட்டத்தில் எல்லோரும் தங்கள் கால் பெருவிரலைப் பார்த்தார்கள். அங்கே படுத்தவர் என்ன ஆனார் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில் கொஸ்லந்தை மாமா எழுந்து நான் படுக்கிறேன் என்றார்.

அத்தை அவரோடு போட்ட சண்டை லயம் முழுக்கக் கேட்டது. ‘ஒங்களுக்கென்ன பைத்தியமா? அந்த எடம் ஒருத்தர முழுங்குனது பத்தாதா? ஒங்களையும் நான் வாரிக் குடுக்கணுமா?’ என்று கத்தினாள். அவர் குரலை உயர்த்தவில்லை. ‘எனக்கும் பயந்தான். என் பொஞ்சாதியையும் புள்ளையையும் தோண்டி எடுக்கவே முடியல. எழுப்பக்கூடிய ஆள எழுப்பாம விட்டா எனக்குத் தூக்கம் வராது’ என்றார். அத்தை கிரீடத்தைத் தர மறுத்தாள். மறுநாள் விடிந்து பார்த்தால், துடைத்துச் சுத்தம் செய்து அவருடைய வாசற்படியில் வைத்திருந்தாள். என் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அன்று நான் என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

எழுப்புகிற சடங்கு பட்டப்பகலில் நடந்தது. நல்ல வெயில், மலை முழுக்கக் கொழுந்து மினுங்கியது. கொஸ்லந்தை மாமா பச்சைச் சாயம் பூசி, கிரீடத்தோடு படுத்தார். துணியைப் போர்த்தினார்கள். வருடக்கணக்கில் பொட்டல் பக்கம் தலைவைத்துப் பார்க்காத அத்தை, அன்று மடுவத்துச் சுவரோரம் பழைய இடத்திலேயே வந்து நின்றாள். தப்பு அடித்தார்கள். சிவன் வேஷக்காரர் செம்பைக் கையில் எடுத்தார். அப்போது வளைவுக்குக் கீழே சத்தம் கேட்டது. இருமவில்லை, முனகவில்லை. அதே சத்தம். தப்பு அடித்தவரின் கை அந்தரத்தில் நின்றது. சண்டை நின்ற பிறகு கேட்காத சத்தத்தைக் கால்கள் மறக்கவில்லை. சிலர் ஏற்கெனவே தேயிலைக்குள் ஓடத் தொடங்கியிருந்தார்கள். நடுவில் அந்த வெள்ளைத் துணி அசையாமல் கிடந்தது.

‘எந்திரிங்க!’

அந்தக் குரல் அத்தையிடமிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. ‘எந்திரிங்க! எந்திரிச்சி ஓடுங்க! எந்திரிங்க!’ என்று கத்திக்கொண்டே அவள் பொட்டலுக்குள் ஓடினாள். பெண்கள் மிதிக்காத இடத்தை மிதித்து, இரண்டு கையாலும் துணியைப் பிடித்து இழுத்து எறிந்தாள். கொஸ்லந்தை மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கி, எழுப்பி, தேயிலைப் பக்கம் தள்ளினாள். அவர் போகவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வளைவில் ஜீப் வந்து நின்றது. பதுளையிலிருந்து துணி மூட்டைகளோடு மாதாமாதம் வரும் முஸ்லிம் வியாபாரி நானா அதிலிருந்து இறங்கினார். புதிதாக வாங்கிய பழைய இராணுவ ஜீப்பாம். பச்சை முகத்தையும், கீழே கிடக்கிற வெள்ளைத் துணியையும், தேயிலைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற தலைகளையும் பார்த்து அவர் வெலவெலத்துப்போனார். ‘என்னங்க, யாரும் மௌத்தாயிட்டாங்களா?’ என்று சாவு வீட்டுக்கு வந்துவிட்டவர்போலக் கேட்டார். அத்தை தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், மாமா போன நாளிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அன்றுதான் அழுதாள்.

சடங்கு கெட்டுப்போயிற்று என்று யாரோ முணுமுணுத்தார்கள். சிவன் வேஷக்காரர் தெளிக்காத தண்ணீரோடு விழித்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து அத்தையைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார். ‘என்னாத்த கெட்டுச்சி? ரதி அழுது ரதிதான எழுப்பணும்? எழுப்பிட்டா. தப்ப அடிங்கடா’ என்றார்.

அந்த வருடமே அவர்களுக்குக் கோயிலில் மாலை மாற்றினோம். பழைய தாலியை அத்தை கழற்றி உண்டியலில் போடவில்லை, ஒரு துணியில் முடிந்து பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். கொஸ்லந்தை மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறகு தெமோதரையில் ஒரு துண்டு நிலம் கிடைத்து வீடு கட்டினார்கள். மலைக்கு முதுகு கொடுக்காமல், ரோட்டுக்கு முகம் மறைக்காமல் வீட்டை வைக்க அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து வீடு கட்ட வந்த மேசன் பாஸ் ஓடிப்போகாதது ஆச்சரியம். பயம் இரண்டு பேரையும் விட்டுப் போகவில்லை. மழை வந்தால் அவர் எழுந்து உட்காருவார், அவளும் உட்காருவாள். பின்னர் மறுபடி சண்டை மூண்டு, ரோட்டில் மறுபடி அட்டை கேட்கத் தொடங்கிய காலத்தில் அவர் கடைக்குப் போய்த் திரும்பும்வரை அத்தை வாசலைவிட்டு நகரமாட்டாள். முந்தைய மாமாவைப் பற்றி எந்தத் தகவலும் கடைசிவரைக்கும் வரவில்லை.

போன விடுமுறையில் நான் அங்கே போயிருந்தேன். கொஸ்லந்தை மாமா பகல் தூக்கத்தில் இருந்தார், குளிருக்குத் தலையோடு மூடியிருந்தார். அத்தை தேநீரோடு வந்து, வழக்கம்போலப் போர்வையை இழுத்துவிட்டு, ‘எந்திரிங்க, டீ ஆறுது’ என்றாள். அவர் முனகிக்கொண்டு எழுந்தார். அந்த நேரம் வளைவில் ஒரு லொறி திரும்பியது. வெளிச்சப் புள்ளிகள் சுவரில் ஓடின, நான் கோப்பையைக் கீழே வைத்தேன். சத்தம் மறைந்த பிறகு, இத்தனை வருடங்களாகக் கேட்க நினைத்துக் கேட்காததைக் கேட்டேன். ‘அன்னைக்குப் பொட்டல்ல எந்திரிங்க எந்திரிங்கன்னு கத்துனீங்களே அத்தை, யாரக் கூப்பிட்டீங்க?’

அத்தை சுவரிலிருந்து கிரீடத்தை எடுத்தாள். சேலைத் தலைப்பால் ஒவ்வொரு சில்லாகத் துடைத்தாள். சில்லு விழுந்த அந்த வெற்றிடத்தையும் விட்டுவிடாமல் துடைத்தாள்.

‘ரெண்டு பேரையுந்தான் கூப்பிட்டேன்’ என்றாள். ‘ஒருத்தருக்குத்தான் கேட்டிச்சி.’